குரங்கு, மந்தி, தேவாங்கு: பார்த்து ஒப்பிடப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

பிரைமேட்டுகளை, அதாவது குரங்கு, மந்தி, தேவாங்கு, மனிதன் எல்லாம் சேர்ந்த விலங்கு வரிசையை, ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலர் நேராக சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் போய்விடுகிறார்கள், அதாவது வீடியோவுக்கு. தப்பில்லை. ஆனால் எடுத்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதைத்தான் நீங்கள் பார்க்க முடியும். சண்டை இருக்கும், குட்டி இருக்கும். ஒரு மந்தி (பெண் குரங்கு அல்ல, ஆங்கிலத்தில் லங்கூர் என்கிற வகை) நண்பகல் முழுக்கக் கிளையில் சாய்ந்து ஒன்றுமே செய்யாமல் கிடப்பதை யாரும் வெட்டாமல் போடுவதில்லை. ஒப்பிடுவதற்கு அந்த ஒன்றுமே செய்யாத நேரம்தான் ரொம்ப முக்கியம்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு ஒரு வசதி. பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய ஐந்து வகை இங்கேயே இருக்கின்றன. கோயில், மலைப்பாதை, பஸ் ஸ்டாண்ட் எங்கும் இருக்கும் நாட்டுக் குரங்கு, உச்சந்தலை முடி வட்டமாக விரிந்திருப்பதால் குல்லாய்க் குரங்கு என்றும் பெயர். முதுமலை, கேரள எல்லையோரச் சின்னாறு மாதிரியான வறண்ட காடுகளில் கருத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட சாம்பல் மந்தி. நீலகிரி, ஆனைமலை, களக்காடு பக்கத்து ஈரக் காடுகளிலும் சோலைகளிலும் கருமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு. கடைசியாக, இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு. சிங்கவாலைச் சோலைமந்தி என்றும் சொல்வார்கள், அதைக் கேட்டு அதை மந்தி வரிசையில் எழுதிவிட வேண்டாம். உடலமைப்பில் அது நாட்டுக் குரங்கின் நெருங்கிய சொந்தம்.

முதலில் ஒரே ஒரு ஜோடி

ஐந்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் ஐந்தின் போட்டோவும் மிஞ்சும், ஒப்பீடு மிஞ்சாது. ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது நாட்டுக் குரங்கும் ஏதாவது ஒரு மந்தியும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டன. ஒன்று கிடைத்ததைத் தின்று கன்னத்தில் அடக்கும் கிளை, இன்னொன்று இலையை வயிற்றில் புளிக்க வைக்கும் கிளை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

முதுமலையில் தெப்பக்காடு பக்கம் போனால் நாட்டுக் குரங்கும் சாம்பல் மந்தியும் ஒரே நாளில், சில சமயம் ஒரே சாலையோரத்தில் கிடைக்கும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போகிறவர்களுக்கு வழியெல்லாம் நாட்டுக் குரங்கு, மேலே போனதும் காட்டு ஓரங்களில் கருமந்தி. இரண்டு இடத்தில் எது பக்கமோ அங்கே போங்கள்.

கையில் என்ன வேண்டும்? 8×40 அல்லது 8×42 பைனாகுலர் ஒன்று, கைக்கடிகாரம், கெட்டி அட்டை நோட்டு, பென்சில். மலையில் மழைக்குப் பேனா மை கரைந்துவிடும், அதனால்தான் பென்சில். கேமரா இருந்தால் பையிலேயே இருக்கட்டும். முதல் சில நாள் அதை வெளியே எடுத்தீர்களானால் நோட்டு காலியாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்

பாடப் புத்தகங்கள் மண்டையோட்டிலிருந்தோ கையிலிருந்தோ தொடங்கும். என்னைக் கேட்டால் அது புதியவர்களுக்கு ஒத்துவராது. எது என்ன தின்கிறது என்பதில் தொடங்குங்கள். பல், கன்னம், வயிறு, கை, ஒரு நாளை எப்படிக் கழிக்கிறது, கூட்டத்தில் யாரோடு சண்டை, எல்லாமே ஏதோ ஒரு வழியில் சாப்பாட்டோடு போய் முட்டும்.

நாட்டுக் குரங்கு தின்பதைப் பாருங்கள். பழம், விதை, பூ, பூச்சி, புல்லின் வேர், மனிதர் போட்ட மிச்சம் என்று எதையும் விடாது. இப்படிப்பட்ட உணவு ஓரிடத்தில் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், நாலு பேர் போட்டிக்கும் வருவார்கள். அதனால் சீக்கிரம் எடுத்து அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். அதற்குத்தான் கன்னப் பை. கீழ்த்தாடையின் இரு பக்கமும் தோல் உப்பி, கழுத்து வரைக்கும் தொங்குவதை நீங்களே பார்க்கலாம். பெரிய ஆண் ஒன்று பக்கத்தில் வரும்போது சின்னது அவசர அவசரமாகத் திணித்துக்கொண்டு ஓடும், அப்புறம் எங்கோ தள்ளி உட்கார்ந்து புறங்கையால் கன்னத்தை அழுத்தி ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளி மெல்லும். இந்தப் புறங்கை அழுத்தலை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

மந்திக்குக் கன்னப் பை இல்லை. அது தின்பதில் பெரும்பகுதி இலை. துளிர், முற்றாத காய், விதை, பூ எல்லாம் உண்டு. இலை எங்கும் கிடைக்கும், ஆனால் செரிப்பது கஷ்டம், பல இலைகளில் நஞ்சும் இருக்கும். எனவே மந்தியின் வயிறு பல அறைகளாகப் பிரிந்து பெரிதாக இருக்கிறது. முன் அறைகளில் நுண்ணுயிர்கள் குடியிருந்து, இட்லி மாவு புளிப்பது மாதிரி இலையைப் புளிக்க வைத்து உடைக்கின்றன, நஞ்சில் ஒரு பங்கையும் முறிக்கின்றன. மாடும் இந்த வேலையை வேறொரு வழியில் செய்கிறதுதான், ஆனால் மந்தி மாடு போலப் படுத்து அசைபோடும் பழக்கம் உள்ளதல்ல. இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு: சர்க்கரை நிறைந்த கனிந்த பழம் அதிகமாகப் போனால் வயிற்றுக்குள் அமிலம் ஏறி நுண்ணுயிர்களின் சமநிலை கெடும். அதனால்தான் பல மந்திகள் பழுத்ததை விடக் காயை விரும்புகின்றன. சுற்றுலா வருகிறவர்கள் மந்திக்குப் பன்னும் பிஸ்கட்டும் நீட்டுவது எவ்வளவு மோசம் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இனி நாளின் கணக்கு. வயிறு நிறைந்த மந்தி நண்பகலில் கிளையில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடும். புதியவர்கள் இதைச் சோம்பல் என்று எழுதுவார்கள். வேலை உள்ளே நடக்கிறது, அவ்வளவுதான். அதே நேரத்தில் நாட்டுக் குரங்குக் கூட்டம் கல்லைப் புரட்டிக்கொண்டும் மரப்பட்டையை உரித்துக்கொண்டும் இருக்கும். முதல் நாள் நோட்டில் இந்த இரண்டை மட்டும் எழுதி வந்தாலே உங்களுக்கு ஒரு ஒப்பீடு கிடைத்துவிட்டது.

பல்லை உயிரோடு இருக்கும் விலங்கில் சரியாகப் பார்க்க முடியாது. ஆண் குரங்கு கொட்டாவி விடும்போது நீண்ட கோரைப்பல் தெரியும், அது தின்பதற்கல்ல, மிரட்டுவதற்கும் சண்டைக்கும்; பதற்றத்தில்தான் அது அதிகம் கொட்டாவி விடும், தூக்கத்தில் அல்ல. கடைவாய்ப் பற்களுக்கு எலும்புக்கூடு வேண்டும். விலங்கியல் துறை இருக்கும் பழைய கல்லூரிகளில் ஒரு சின்ன அருங்காட்சியக அறை இருக்கும், ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகத் திறந்து காட்டுவார்கள். மந்தியின் கடைவாய்ப் பல்லில் முகடுகள் உயரமாகவும் கூராகவும் இருக்கும், இலையை நறுக்க. நாட்டுக் குரங்கினுடையது தாழ்ந்து மழுங்கியிருக்கும், நசுக்க. எண்ணிக்கை மட்டும் இரண்டுக்கும் 32, நமக்கும் அதே 32.

கை, கால், வால்

கையில் கட்டை விரலைப் பாருங்கள். நாட்டுக் குரங்குக்கு நன்றாக வளர்ந்த கட்டை விரல். தரையில் கிடக்கும் ஒரு அரிசியைக்கூடப் பொறுக்கும். மந்திக்குக் கட்டை விரல் குட்டை, மற்ற நான்கு விரல்களும் நீளம். கிளையைக் கொக்கியாகப் பிடித்துத் தாவுகிறதற்கும் கொப்பை வளைத்து வாய்க்கு இழுக்கிறதற்கும் அது போதும்.

கால்கள் அடுத்தது. மந்தியின் பின்னங்கால் முன்னங்காலை விட வெளிப்படையாக நீளம், அது தாவும் உடம்பு. நாட்டுக் குரங்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், தரையில் நாலு காலில் நடப்பதற்கு ஏற்ற உடம்பு. இதை அளவாகச் சொல்ல ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எலும்புக்கூடு கிடைத்தால் மேற்கை, முன்கை எலும்புகளின் நீளத்தைக் கூட்டி, தொடை எலும்பு, முழங்காலுக்குக் கீழுள்ள கீழ்க்கால் எலும்பு இரண்டின் நீளக் கூட்டலால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 100 வந்தால் கையும் காலும் சமம். மந்திகளுக்கு 80க்குப் பக்கத்திலும், நாட்டுக் குரங்கு வகையினருக்கு 90க்குப் பக்கத்திலும் வரும். இரண்டு காலில் நடக்கும் நமக்கு 70 சுமார். அசாம் பக்கம் இருக்கும் ஹூலக் கிப்பன் மாதிரி கையால் தொங்கித் தொங்கிப் போகும் வாலில்லாக் குரங்கினத்துக்கு 130ஐ ஒட்டி. ஒரே எண்ணில் அந்த விலங்கு எப்படி நகர்கிறது என்பதில் பாதி அடங்கிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. ஸ்கேலும் பொறுமையும் இருந்தால் போதும்.

வால் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கையை இப்போதே விட்டுவிடுங்கள். வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கும் குரங்கு நம் பக்கம் எதுவும் இல்லை, அது தென் அமெரிக்கச் சிலந்திக் குரங்கு போன்றவற்றின் வேலை. இங்கே வால் சமநிலைக்கு. மந்தியின் வால் உடம்பை விட நீளம், நாட்டுக் குரங்கினுடையதும் நன்றாகவே நீளம், சிங்கவாலுக்குக் குட்டை, நுனியில் ஒரு குஞ்சம். மரத்திலேயே வாழ்வதற்கு வால் நீளமாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டுக்கொண்டீர்களானால் சிங்கவாலே அதை உடைத்துவிடும். நம் ஐந்தில் பகலெல்லாம் உச்சிக் கிளையில் திரியும் விலங்குகளில் அதுவும் ஒன்று.

நடத்தையை எழுதும் முறை

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். கண்ணைக் கவர்ந்ததை மட்டும் எழுதினால் உங்கள் நோட்டின்படி எல்லாக் குரங்குகளும் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கென்யாவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974இல் இந்தப் பிரச்சினையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விலங்கு நடத்தை படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதில் சொன்ன முறைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு போதும் உங்களுக்கு.

ஒன்று, கூட்டத்தை மொத்தமாகப் பார்ப்பது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாகப் பார்த்து, கண்ணில் பட்ட ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று ஒரு கோடு போடுங்கள். அடுத்த நொடி அது என்ன செய்தாலும் உங்களுக்கு வேண்டாம். கட்டங்கள் அதிகம் வேண்டாம்: தின்பது, உணவு தேடுவது, நகர்வது, ஓய்வு, பேன் பார்ப்பது, விளையாட்டு, சண்டை, மற்றவை. இரண்டாவது, ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு 10 நிமிடம் அதை மட்டும் விடாமல் எழுதுவது. யார் யாருக்குப் பேன் பார்த்தது, யார் வந்ததும் யார் எழுந்து போனது என்பதெல்லாம் இதில்தான் வரும்.

முதல் முறையில் கணக்கு எளிது. ஒரு காலை நேரத்தில் மொத்தம் 160 கோடுகள் விழுந்து, அதில் 72 ஓய்வு என்று வைத்துக்கொள்வோம், ஓய்வு 45 சதவீதம். இதே மாதிரி இரண்டு வகைக்கும் போட்டால் ஒப்பிடலாம். ஆனால் மந்தியை நண்பகலிலும் நாட்டுக் குரங்கைக் காலை ஏழு மணிக்கும் பார்த்துவிட்டு மந்தி அதிகம் ஓய்வெடுக்கிறது என்று முடிவு கட்டினால் அது ஒப்பீடே இல்லை. ஒரே மணி நேரங்கள், ஒரே பருவம், முடிந்தால் ஒரே காடு. அப்புறம், கோயில் குரங்கையும் காட்டு மந்தியையும் பக்கத்தில் வைக்காதீர்கள். தேங்காய் மூடி கிடைக்கும் இடத்தில் தேடும் நேரம் சுருங்கிவிடும், சண்டை கூடிவிடும். அப்போது நீங்கள் அளப்பது இனத்தையா பிரசாதத்தையா என்று தெரியாது.

இன்னொரு பழக்கம். நோட்டை நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் என்ன நடந்தது, வலப்பக்கம் ஏன் நடந்திருக்கலாம். இடப்பக்கம் "பல்லைக் காட்டியது" என்றுதான் இருக்க வேண்டும், "சிரித்தது" என்று அல்ல. நாட்டுக் குரங்கு உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் அது பயம் அல்லது பணிவு. வாயை வட்டமாகத் திறந்து முறைத்தால் மிரட்டல். உதட்டைச் சப்புக் கொட்டுவதுதான் நட்பு. செல்பி எடுக்கிறவர்கள் இந்த மூன்றையும் மாற்றிப் புரிந்துகொண்டுதான் பெரும்பாலும் கடி வாங்குகிறார்கள்.

யார் ஆண், யார் பெண், யார் குட்டி

நாட்டுக் குரங்கில் ஆண் பெண்ணை விட நன்றாகப் பெரிது, தலையும் தோளும் தடிமன், பார்த்ததும் தெரிந்துவிடும். குட்டி வைத்திருக்கும் பெண்களில் சிலவற்றின் முகம் சிவந்திருக்கும். காது கிழிசல், விரல் இல்லாமை, மூக்குத் தழும்பு என்று ஆளுக்கு ஒரு அடையாளம் எழுதி வையுங்கள், அதை வைத்துப் பெயரும் வைக்கலாம், கூச்சப்பட வேண்டாம், ஆராய்ச்சியாளர்களும் வைக்கிறார்கள்.

கருமந்தியில் வேலை இன்னும் சுலபம். பெண்ணுக்குத் தொடையின் உள்பக்கம் வெள்ளை முடித் திட்டு இருக்கும், பிறந்த குட்டியிலேயே தெரியும். கிளையில் உட்கார்ந்திருக்கும்போது கீழிருந்து பார்த்தால் போதும். வளர்ந்தது பளபளக்கும் கறுப்பு, தலையில் மட்டும் பழுப்பு மஞ்சள். குட்டியோ செம்பழுப்பாகப் பிறந்து சில வாரங்களில்தான் கறுக்கும். சாம்பல் மந்தியில் இது தலைகீழ், வெளிர்ந்த தாய்க்குக் கருத்த குட்டி. கருமந்தியும் சாம்பல் மந்தியும் ஒட்டி வாழும் சில இடங்களில் இரண்டுக்கும் கலப்பு நடந்திருப்பதும் பதிவாகியிருக்கிறது. நிறம் குழப்பமான மந்தி ஒன்றைப் பார்த்தால் அதை எந்தக் கட்டத்திலும் திணிக்காமல் அப்படியே எழுதுங்கள்.

கூட்டத்துக்குள்

நாட்டுக் குரங்குக் கூட்டத்தில் பல ஆண்கள், பல பெண்கள். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடுவார்கள், ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போவார்கள். அதனால் கூட்டத்தின் முதுகெலும்பு அம்மா, பாட்டி, சித்தி, அக்கா தங்கைகள். இந்த இனத்தின் விசேஷம் ஆண்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்வது. வளர்ந்த ஆண்கள் கட்டிப் பிடிப்பதும், பேன் பார்த்துக்கொள்வதும், விளையாடுவதும்கூட உண்டு.

மந்திக் கூட்டத்தில் பல இடங்களில் ஒரே ஒரு வளர்ந்த ஆண்தான். மற்ற ஆண்கள் தனிக் கும்பலாக வெளியே திரிவார்கள், சமயம் பார்த்து உள்ளே நுழைந்து பழையவனைத் துரத்துவார்கள். காலையில் கருமந்தி ஆண் காடு அதிர "ஹூ ஹூ" என்று அடுக்கிக் கூவுவது இந்தப் பின்னணியில்தான் புரியும், அது பக்கத்துக் கூட்டத்துக்கும் வெளி ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்வது.

இங்கே ஒரு பழைய சர்ச்சையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏன் பிரிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கர்நாடகத்தில் தார்வாட் பக்கம் 1960களில் யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் மந்திகளைப் பார்த்தபோது, புதிதாகக் கூட்டத்தைப் பிடித்த ஆண், பால்குடிக் குட்டிகளைக் கொல்வதைப் பதிவு செய்தார். நெரிசலால் வந்த கோளாறு என்று ஒரு தரப்பு சொன்னது. 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் மந்திகளை ஆராய்ந்த சாரா ஹர்டி வேறு விளக்கம் வைத்தார்: பாலூட்டும் தாய் சீக்கிரம் மறுபடி கருத்தரிக்க மாட்டாள், குட்டி போய்விட்டால் புதிய ஆணுக்குத் தன் வாரிசு முன்கூட்டியே கிடைக்கும். வாதம் பல ஆண்டு ஓடியது. நேபாளத்தின் ராம்நகரில் நடந்த மரபணு ஆய்வு 1999இல் வெளிவந்தபோது, கொன்ற ஆண்கள் அந்தக் குட்டிகளின் தந்தையர் அல்ல என்று தெரிந்தது, ஹர்டியின் விளக்கத்துக்கு அது பெரிய பலம். சுகியாமா கண்டதை அப்படியே எழுதியிருந்ததால்தான் அடுத்தடுத்து வந்தவர்கள் விளக்கத்தை மாற்ற முடிந்தது.

குட்டி வளர்ப்பிலும் ஒரு வித்தியாசம் பாருங்கள். மந்தியில் குட்டி பிறந்த ஓரிரு நாளிலேயே மற்றப் பெண்கள் வாங்கிக் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருப்பார்கள், தாய் அந்த நேரத்தில் போய் இலை தின்னும். எல்லா இனத் தாயும் இப்படி விடாது. உங்கள் ஜோடியில் குட்டி தாயின் கையில் இல்லாத நேரம் எவ்வளவு என்று 10 நிமிட முறையில் அளக்கலாம், புதியவர்கள் செய்யக்கூடிய நல்ல பயிற்சி.

எச்சரிக்கைக் குரலையும் கவனியுங்கள். சிறுத்தை வந்தால் மந்தி கத்தும், கடமான் கத்தும், அதைக் கேட்டு நாட்டுக் குரங்கும் மரமேறும். ஒரு இனத்தின் மொழியை இன்னொன்று புரிந்து வைத்திருக்கிறது. காட்டில் இருக்கும்போது நீங்களும் கேட்டுவைத்தால் நல்லது, முதுமலையில் அது வெறும் படிப்பு அல்ல.

மூன்றாவதாக சிங்கவால்

ஜோடி பழகிய பிறகு வால்பாறை போங்கள். முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் பிடரி, மற்றபடி கறுப்பு. கருமந்தியிலிருந்து பிரித்தறிய வாலையும் கன்னத்தையும் பாருங்கள்: குட்டை வால், நுனிக் குஞ்சம், உப்பும் கன்னப் பை. கன்னப் பை இருக்கிறதா, அப்படியானால் பழமும் பூச்சியும் தேடும் கிளைதான், நீங்கள் ஏற்கெனவே கற்றது இங்கே உதவும். வெடிப்பலா மரத்தின் முள்காயைப் பிளந்து விதையைத் தின்னும், பட்டை இடுக்கில் விரலை விட்டுப் பூச்சி பிடிக்கும். பெண்ணுக்கு வாலடி வீங்கும் காலம் உண்டு, நாட்டுக் குரங்கில் அது அவ்வளவாகத் தெரியாது. நெருங்கிய சொந்தங்களுக்குள்ளேயே இப்படி.

பெரிய காட்டில் சிங்கவால் தரைக்கு வருவது குறைவு, கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு வளர்ந்த ஆண். ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டாகிப்போன புதுத்தோட்டம் மாதிரி இடத்தில் இந்தக் கணக்குகள் மாறிவிட்டன. கூட்டம் பெரிதாகி, பல ஆண்கள் சேர்ந்து, சாலையில் இறங்கி, வீட்டுக் கூரை வரை வருகின்றன. சாலையில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருப்பதையும் அங்கே பார்க்கலாம். எனவே சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் புதுத்தோட்டத்தில் எழுதியதை "சிங்கவால் இப்படித்தான்" என்று தலைப்பிடாதீர்கள், இடத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். காட்டில் எஞ்சியிருப்பதே சில ஆயிரம்தான்.

தேவாங்கு, தனிக் கணக்கு

தேவாங்கை மேலே சொன்ன எதோடும் நேராக வைக்க முடியாது, அது குரங்குக் கிளையே அல்ல. கால் கிலோ அளவு எடை, வெளியே தெரியும் வால் இல்லை, ஈரமான மூக்கு, 36 பல். கீழ் முன்பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து சீப்பாகி இருக்கின்றன, முடி கோதுவதற்கு. பின்னங்காலின் இரண்டாம் விரலில் மட்டும் நகத்துக்குப் பதில் கூரிய வளைநகம், அதுவும் கோதத்தான். கையில் சுட்டு விரல் சுருங்கி, கட்டை விரல் எதிர்த்திசையில் விரிந்து ஒரு பெரிய இடுக்கியாகிவிட்டது. கிளையை அந்தப் பிடியில் நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும். குதிக்கவே குதிக்காது, மெல்ல ஊர்ந்து எறும்பு, கரையான், பூச்சிகளைப் பிடிக்கும்.

கண்ணுக்குள் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் டார்ச் பட்டதும் இரண்டு கண்ணும் ஜொலிக்கும். தேடுவதும் அதை வைத்துத்தான், ஆனால் வெள்ளை ஒளி வேண்டாம். தலை விளக்கில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டுங்கள். தாய் இரவில் இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையிலேயே விட்டுவிட்டுப் போகும், தனியே கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரவில் தனித்தனியாகத் திரிகின்றன என்பதால் தனிமை விலங்கு என்று எழுதுவதும் அவசரம், பகலில் சேர்ந்து தூங்கும், விசில் மாதிரிக் குரலில் கூப்பிட்டுக்கொள்ளும்.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது, இந்த விலங்குக்கென்று நாட்டில் முதலாவது. இரவில் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம். அனுமதி கேட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள்.

கடி, உண்ணி

உணவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குரங்கைப் பார்க்கக் கூடாது. நேராகக் கண்ணைப் பார்த்து முறைப்பதும் அதற்கு மிரட்டல்தான். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள், சின்னக் கீறல் என்று விடவேண்டாம். செத்த குரங்கைத் தொடாதீர்கள். குரங்குக் காய்ச்சல் என்று ஒன்று 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது, உண்ணி மூலம் பரவும், நாட்டுக் குரங்கும் மந்தியும் அதில் சாகும், மனிதருக்கும் வரும். குரங்குகள் செத்துக் கிடந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டிலிருந்து வந்ததும் துணியைத் துவைத்து உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சளி, காய்ச்சல் உங்களுக்கு இருந்தால் அன்று போகாதீர்கள், நம் நோய் அவற்றுக்கும் தொற்றும்.

குறிப்பை எங்கே போடுவது

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரித் தளத்தில் போட்டோவும் தேதியும் இடமும் போட்டு வைக்கலாம், அடையாளம் தப்பாக இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். அழியும் நிலையிலுள்ள இனங்களின் துல்லிய இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடும். ஆனால் போட்டோவின் பின்னணியில் ஊர்ப் பலகையோ மைல்கல்லோ இருந்தால் அது மறையாது. தேவாங்கை மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கருமந்தியும் லேகியத்துக்காக வேட்டையாடப்பட்ட விலங்குதான். அதனால் தேவாங்கு பார்த்த இடத்தை வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ எழுதாதீர்கள், மாவட்டத்தோடு நிறுத்துங்கள், துல்லியமான இடம் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.